துன்பம் வன்மை தருமோ? உறைபனிநாட்டு மரங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

துன்பமே உயிர்களை வலியவாக்கும் என்பது உலகத்திற் பலராலும் ஐயமின்றிக் கொள்ளப்படும் ஒரு கொள்கை. நெருப்பிலிட்ட பொன்னும் உளிபட்ட கல்லும் இதற்கு உவமைகளாக எடுத்துக்காட்டப்படும். பள்ளிக்கூடங்களிலே இக்கொள்கை பிரம்பாகவும் கடுஞ்சொல்லாகவும் புகுந்து நெடுங்காலம் ஆட்சி செய்தது. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி அதற்குச் சாசனமாயிற்று. பிரம்பு ஒழிந்தவிடத்தும் கொள்கை ஒழிந்திலது. இன்னும் சிலர், 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்தையும் அதனோடு வந்த இடப்பெயர்வுகளையும் கண்ட நமது பிள்ளைகளை நோக்கி, ‘பட்ட துன்பமே இவர்களை உறுதியுடையவராக்கிற்று’ என ஆறுதல்போலக் கூறுவர். இக்கூற்று மெய்யோ பொய்யோ என்பது ஆசிரியர்க்கு வெறும் வாதப்பொருளன்று. மெய்யாயின், பிள்ளைகளைக் கடுமைக்கு உட்படுத்துதல் அவர்க்குச் செய்யும் நன்மையாகும். பொய்யாயின், அது நன்மையின் பெயராற் செய்யப்படும் கொடுமையாகும். ஆதலின் இதனை நிதானமாக ஆராய்தல் நமது கடன்.

பொன்னும் கல்லும் உயிரில்லாதன. அவற்றின்கண் நிகழும் மாற்றத்தைக்கொண்டு உயிருள்ளவற்றின் இயல்பைத் துணிதல் பொருந்தாது. உயிருள்ளதாய், துன்பத்தைக் கண்டு ஓடமாட்டாததாய், நின்றவிடத்தில் நின்றே அதனைத் தாங்குவதாய் உள்ள ஒன்றை ஆராய்தலே தகும். அத்தகையன குளிர்நாட்டு மரங்கள். பறவை வெப்பநாட்டிற்குப் பறந்துபோகும். கரடி குகையினுட் புகுந்து உறங்கும். மனிதன் ஆடையும் நெருப்பும் தேடுவான். மரத்திற்கு இவை யாதுமில்லை. சைபீரியாவிலுள்ள வெர்கோயான்ஸ்க் என்னும் ஊரிலே, 1892 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில், செல்சியசு அளவிற் பூச்சியத்தின் கீழ் 67.8 பாகைக் குளிர் பதிவு செய்யப்பட்டது. நீர் பூச்சியப் பாகையிலே உறையத் தொடங்கும் என்பதை நினைப்போர்க்கு இவ்வெண்ணின் கடுமை விளங்கும். அப்பிரதேசத்திலே லார்ச்சு என்னும் ஊசியிலை மரங்கள் காடாக நிற்கின்றன. ஆண்டுதோறும் பனிக்காலம் கழிந்தபின் பசுந்தளிர் விடுகின்றன. இவ்வன்மையை அவற்றிற்குக் குளிர் கொடுத்ததோ, அன்றிக் குளிருக்கு முன்னரே அஃது உண்டாயிற்றோ? இதுவே நமது வினா.

குளிர் மரத்தை எவ்வாறு கொல்லும் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மரத்தின் உயிருள்ள பகுதிகளெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத சிறு கலங்களால் ஆயவை. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நீர் உண்டு. அதனை மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அந்நீர் கலத்தினுள்ளேயே உறையுமாயின், பனிப்பளிங்குகள் சவ்வையும் உள்ளமைப்பையும் சிதைத்துவிடும். அக்கலம் இறக்கும்; அதற்கு மீட்சியில்லை. இதனைக் கேட்போர், மரம் தன்னுடலில் வெப்பத்தை உண்டாக்கிக் குளிரைப் புறத்தே நிறுத்துகின்றது போலும் என எண்ணுதல் கூடும். அஃது உண்மையன்று. பனிக்காலத்திலே கிளைகளும் அரும்புகளும் தம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் குளிரையே தாமும் அடைகின்றன. பனிக்கட்டி மரத்தின் உடலினுள்ளேயே உண்டாகின்றது. ஆயினும் அது பட்டை முதலிய பகுதிகளிலே கலங்களினுள் உண்டாகாது, கலங்களின் இடைவெளிகளிலே உண்டாகின்றது. அப்பனிக்கட்டி கலத்தினுள் இருக்கும் நீரைச் சிறிது சிறிதாகப் புறத்தே இழுக்கும். நீர் வெளியேற வெளியேறக் கலம் சுருங்கும். எஞ்சிய சாறு செறிவுறும். செறிந்த சாறு எளிதில் உறையாது. எனவே மரம் குளிரைத் தாங்குவது அதனைப் புகவிடாமையினால் அன்று, புகுமிடத்தை வரையறுத்தலினாலேயாம்.

இவ்வாறு நீரை இழத்தலும் ஒரு துன்பமே. கலம் வரண்டு சுருங்கும்போது சவ்வுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பழுதுறும். அதனைத் தடுக்கும்பொருட்டு மரம் தன் மாப்பொருளின் ஒரு பகுதியை வெல்லங்களாக மாற்றிக் கலங்களில் நிறைக்கின்றது. டிகைட்ரின் எனப்படும் காவற்புரதங்களை ஆக்குகின்றது. சவ்வுகளிலுள்ள கொழுப்புப் பொருள்களையும் குளிரில் விறைத்துப்போகாதவாறு மாற்றியமைக்கின்றது. ஓக், அப்பிள் முதலிய மரங்களின் தண்டுக்கட்டையிலுள்ள சில கலங்கள் வேறோர் உபாயத்தை மேற்கொள்கின்றன. அவற்றின் நீர் உறையுநிலைக்கு மிகக் கீழே குளிர்ந்தும் உறையாது திரவமாகவே நிற்கும். ஆயின் இவ்வுபாயத்திற்கு எல்லை உண்டு. ஏறக்குறையப் பூச்சியத்தின் கீழ் 40 பாகையில் அந்நீர் திடீரென உறைந்துவிடும், கலமும் இறக்கும். பேர்ச், வில்லோ, பொப்பிளர் முதலிய வடபுலத்து மரங்களுக்கு இவ்வெல்லை இல்லை. யப்பானிய அறிஞர் அக்கிரா சக்காய் என்பார், 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பனிக்காலத்து மரக்கொப்புகள் பூச்சியத்தின் கீழ் 196 பாகையுள்ள திரவ நைதரசனில் அமிழ்த்தப்பட்டும் உயிர் பிழைத்தமையைக் காட்டினார். அக்கொப்புகள் முன்னரே மெல்லமெல்ல உறைவிக்கப்பட்டிருந்தன என்பதையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, நமது வினாவிற்கு நேரே உதவும் செய்தி ஒன்று உளது. பனிக்காலத்திலே இத்துணைக் கடுங்குளிரைத் தாங்கும் அதே வில்லோ மரம், கோடைகாலத்திலே பூச்சியத்தின் கீழ்ச் சில பாகைக் குளிரே உறினும் மடியும். மரம் ஒன்றே, வேரும் ஒன்றே, பிறப்பும் ஒன்றே. ஆகவே வன்மை என்பது பிறப்பிலே முற்றுப்பெற்று வந்த உடைமையன்று. பிறப்பில் வருவது வன்மைகொள்ளும் ஆற்றல் மாத்திரமே. வன்மையோ ஆண்டுதோறும் புதிதாகத் தேடப்படுவது. தேடிய பின்னும் என்றும் நில்லாது ஆண்டுதோறும் இழக்கப்படுவது.

அதனைத் தேடும் முறை யாது? அது குளிரினால் தொடங்குவதன்று. பெரும்பாலான குளிர்நாட்டு மரங்களிலே அது பகற்பொழுது குறுகுதலினால் தொடங்குகின்றது. கோடை கழியுமுன்பே, காற்று இன்னும் இதமாக இருக்கும்போதே, இரவு சிறிது சிறிதாக நீளுகின்றது. இலைகளிலுள்ள பைற்றோக்குரோம் என்னும் நிறப்பொருள் அதனை உணரும். உடனே மரம் மேல்வளர்ச்சியை நிறுத்தும். நுனியிலே அரும்பைக் கட்டிச் செதில்களால் மூடும். அப்பிள் முதலிய சில மரங்கள் பகற்பொழுதையன்றி, உறைதலில்லாத மென்குளிரையே குறியாகக் கொள்ளும். எவ்வாறாயினும், முதலில் வருவது மெல்லிய குறியே, கொல்லும் குளிரன்று. பகல் குறுகுதலைக் குறியாகக்கொள்ளும் மரங்களில் அதனை உணர்ந்து தண்டிற்கு அறிவிப்பது இலை. அவ்விலை தன்பாலுள்ள நைதரசன் முதலிய சத்துக்களைப் பட்டைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தான் உதிர்ந்துபோகும். வரும் பனிக்காலத்தை அது காண்பதில்லை. காணப்போகும் தண்டினை ஆயத்தஞ் செய்வதே அதன் தொழில். ஆசிரியராயினார் இதனை ஊன்றி நோக்குவாராக.

வளர்ச்சியை நிறுத்திய பின்னரே இரண்டாம் படி வரும். பூச்சியத்தை அணுகும் குளிரும், அதன்பின் முதலுறைபனியும் வர, முற்கூறிய வெல்லங்களும் புரதங்களும் பெருகி வன்மை மிகும். மூன்றாம் படியிலே, நீடித்த கடுங்குளிர் மெல்ல மெல்ல ஆழ்ந்துவர, அவ்வன்மை தன் உச்சத்தை அடையும். ஒரு படியை விடுத்து மற்றொரு படிக்குத் தாவுதல் மரங்களுக்கு எளிதன்று.

குறியை அறியாது மயங்கிய மரங்களும் உள. அமெரிக்காவிலே மற்ஸ்கி என்பார், தெருவிளக்கின் ஒளி படும் கிளைகளில் இலையுதிர்வு தாழ்க்கப்படுதலை 1936 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இரவை இரவென்று அறியவொட்டாத ஒளி, பனிக்காலம் வரும் என்பதையும் மறைத்துவிடுகின்றது. மினசோட்டா மாநிலத்திலே சிமித்பேர்க், வைசர் என்னும் இருவர், செந்தண்டு டொக்வுட் என்னும் செடியினத்தைப் பல தட்பவெப்பப் பிரதேசங்களிலிருந்து கொணர்ந்து ஓரிடத்தில் நட்டு ஆராய்ந்து, 1968 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வடபுலத்துச் செடிகள் முன்னரே வளர்ச்சியை நிறுத்தி வன்மைகொள்ளத் தொடங்கின. மென்காலநிலையுள்ள இடங்களிலிருந்து வந்தவை தாழ்த்தே தொடங்கின. நடுப்பனிக்காலத்தை அடைந்தபின் இருதிறத்தனவும் கடுங்குளிரைத் தாங்கவல்லனவாயின. வேறுபாடு பெரிதும் இறுதி வன்மையில் அன்று, தொடங்கும் காலத்திலேயே இருந்தது. தாழ்த்துத் தொடங்கியது வலியற்றது என்று முடிவுசெய்தல் எத்துணைப் பிழை என்பது இதனாற் பெறப்படும்.

துன்பம் தானே வன்மை தருவதாயின், திடீரென வந்த பெருங்குளிரே மரங்களை மிக வலியனவாக்கியிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது யாது? 1955 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர மாநிலங்களாகிய வொஷிங்டன், ஒறிகன் என்பவற்றில், இதமான இலையுதிர்காலத்தின் நடுவே கடுங்குளிர் சடுதியாகப் புகுந்தது. ஆயத்தம் முற்றுப்பெறாத மரங்களும் செடிகளும் பெருந்தொகையாகச் சேதமுற்றன, பல மடிந்தன. அதே அளவு குளிர் உரிய காலத்திற் படிப்படியாக வந்திருப்பின் அவற்றுட் பல பிழைத்திருக்கும். 2007 ஆம் ஆண்டிலே அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் இதற்கு மறுதலையானது நிகழ்ந்தது. மார்ச்சு மாதம் வழக்கத்தின் மேலாக வெப்பமுற்றமையால் மரங்கள் வன்மையை நீக்கித் தளிரும் பூவும் விட்டன. ஏப்பிரில் மாதத் தொடக்கத்தில் உறைபனி மீண்டது. பனிக்காலம் முழுவதையும் தாங்கி நின்ற மரங்கள், அதனினும் மெல்லிய குளிரிற் கருகின. முன்னையது வன்மை பெறுமுன் வந்த துன்பம். பின்னையது வன்மை நீங்கியபின் வந்த துன்பம். இரண்டும் வன்மை தந்தில; அழிவே தந்தன.

இதனை அறியச் சைபீரியாவிற்கும் அமெரிக்காவிற்குமே போகவேண்டும் என்பதில்லை. நுவரெலியாவிலே, கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேலே, சில ஆண்டுகளின் தொடக்கத்தில் உறைபனி விழுதலுண்டு. அக்காலத்துத் தேயிலைத் தளிர்கள் ஓரிரவிலே கருகிப்போதலைத் தோட்டத்தார் அறிவர். பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள நமது நாட்டிற் பகற்பொழுது ஆண்டுமுழுவதும் பெரிதும் வேறுபடாது. ஆதலின் ‘பனி வருகின்றது, வளர்ச்சியை நிறுத்துக’ என்று தேயிலைக்கு அறிவிக்கும் குறி ஒன்றில்லை. ஆயத்தமில்லாத இளந்தளிர் சிறுபனிக்கும் ஆற்றாது.

இவற்றாற் பெறப்படும் முடிவு யாது? காரணம் மூவகைப்படும் என்பது நம்மவர் அறிந்ததே. வன்மைகொள்ளும் ஆற்றல் மரத்தின்கண் இயல்பாக உளது; அது முதற்காரணம். குளிர் அவ்வாற்றலை வெளிப்படுத்தி நிறைவாக்கத் துணைசெய்வது, அது துணைக்காரணம். காலமறிந்து இயக்கும் குறி நிமித்தகாரணம் போல நிற்கின்றது. குடத்திற்குத் திரிகையே காரணம் என்று கூறி, மண்ணையும் குயவனையும் மறப்பவன் எத்தகையனோ, துன்பமே வன்மைக்குக் காரணம் என்பவனும் அத்தகையனே.

அற்றேல், இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் குளிர் வேண்டும் என்று கூறினீரன்றோ. குளிரே படாத மரம் வன்மை பெறுமோ எனின்: பெறாது. நீண்ட ஒளியிலும் வெப்பத்திலும் வைத்துக் காக்கப்படும் மரம் மென்மையாகவே இருக்கும். ஒருநாட் புறத்தே வைப்பின் மடியும். ஆகவே, பிள்ளைக்கு ஒரு கடினமும் அணுகாதபடி காத்தலே அன்பு என்பாரையும் இம்மரங்கள் மறுக்கின்றன. கடினம் வேண்டும், ஆனால் அது குறியின் பின்னே, அளவோடு, படிப்படியாக வருதல் வேண்டும்.

மற்றும், ‘நாமும் இளமையில் அடிபட்டே வளர்ந்தோம், நன்றாகவே இருக்கின்றோம்’ என்பார் கூற்று என்னையெனின்: பனிக்காலம் கழிந்தபின் காட்டினுட் புகுவோன் நிற்கும் மரங்களையே பெரிதுங் காண்பான், காட்டில் முளைத்து மடிந்த கன்றுகள் அவன் கண்ணிற் படா. நின்றவை சாட்சி சொல்லும், வீழ்ந்தவை பேசா. அன்றியும், நின்றவை நின்றமைக்குக் காரணம் பனியன்று. பனிக்கு முன் அவை சேர்த்துவைத்த சேமமே. அடிபட்டும் நன்னிலை அடைந்தவர் தம் இளமையைத் திரும்பி நோக்குவாராயின், அடியின் முன்னும் பின்னும் தம்மைத் தாங்கிய தாயோ பாட்டியோ நல்லாசிரியரோ ஒருவரைக் காண்பர். நன்றி அவர்க்கு உரியது, பிரம்பிற்கு அன்று.

இனி, மரம் வேறு, பிள்ளை வேறு. உவமை பிரமாணமாகுமோ எனின்: ஆகாது என்பது நமக்கும் உடன்பாடே. மரத்திற்கு அறிவும் நினைவும் நாணமும் பிள்ளைக்கு உள்ளவாறு இல்லை. மரத்தைக்கொண்டு பிள்ளையின் இயல்பை முழுதும் துணிய நாம் புகுந்திலோம். ‘இயற்கையே கடுமையினாற்றான் கற்பிக்கின்றது’ என்று இயற்கையைச் சான்றுக்கு அழைப்பார்க்கு, அச்சான்று அவர் பக்கம் நில்லாது என்று காட்டுதலே நமது நோக்கம். நாணமும் நினைவும் உடைய பிள்ளைக்கு, மரத்தினும் மிகுந்த கவனம் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

ஆசிரியர்காள்! இவ்வாராய்ச்சி வகுப்பறையினுள் எவ்வாறு பயன்படும் என்பதைச் சிறிது கூறுதும். முதலாவது, சோதனைக்கு முன்னே குறி வருதல் வேண்டும். சபையிலே பேசியறியாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் முன்னே சடுதியாக நிறுத்தி, அது விழிக்கும்போது நகைப்பது, நவம்பர் மாதத்துச் சடுதிக்குளிரை ஒக்கும். முதலில் அயலிலிருக்கும் பிள்ளைக்கும், பின்பு வகுப்பிற்கும், அதன்பின் சபைக்கும் என்று படிகளை அமைத்தல் வேண்டும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குச் செல்லும் சிறுவரை, பரீட்சை நாளின் அச்சத்தினாலேயே ஆண்டுமுழுவதும் வருத்துவதும் இவ்வகையினதே.

இரண்டாவது, தாழ்த்துத் தொடங்குவோரை வலியற்றோர் எனத் தள்ளுதல் ஆகாது. மூன்றாவது, ஒருமுறை பெற்ற உறுதி என்றும் நிற்கும் என்று கொள்ளுதலும் ஆகாது. நீண்ட விடுமுறையின்பின் வரும் பிள்ளை முன்னிருந்த படியிலே இராமை குற்றமன்று. அது மீண்டும் ஏறவேண்டிய படி.

நான்காவது யாவற்றினும் முக்கியமானது. மரம் வன்மை கொள்ளும் காலத்து வளருவதில்லை. வளர்ச்சியையும் தாங்குதலையும் ஒரே காலத்து அதனிடம் கேட்டல் இயலாது. கடுங்குளிர்ப் பிரதேசத்து லார்ச்சு மிக மெதுவாகவே பருக்கின்றது. தாங்குதலுக்கு அது கொடுக்கும் விலை அது. வீட்டிலே மரணம் நேர்ந்த பிள்ளையும், குடிபெயர்ந்து வந்த பிள்ளையும், பெற்றோர் தொழிலிழந்த வீட்டுப் பிள்ளையும் சில மாதங்கள் பாடத்தில் முன்னேறாது நிற்றலை நாம் கண்டிருக்கின்றோம். அப்பிள்ளையை மந்தன் என்றும் சோம்பேறி என்றும் கூறும் வாய், இலையுதிர்த்து நிற்கும் மரத்தைப் பட்டமரம் என்று கூறிக் கோடரி எடுக்கும் கையை ஒக்கும். பட்டையைச் சிறிது கீறிப் பார்ப்பவன் உள்ளே பசுமையைக் காண்பான். அக்காலத்தில் அப்பிள்ளையிடம் புதிய வளர்ச்சியைக் கேளாது, உள்ளதைக் காத்துக்கொள்ள இடங்கொடுத்தலே ஆசிரியர் செய்யத்தக்க உதவி. உணவு உண்டதோ என்று வினாவுதலும், பின்வரிசையில் அமைதியாக இருக்க விடுதலும், பழைய பாடத்தை மீட்டுச் சொல்லச் செய்தலும் சிறியனவாகத் தோன்றும்; தண்டினுள்ளே சேரும் வெல்லமும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாதது.

யுத்தத்தைக் கண்ட பிள்ளைகளைத் துன்பம் உறுதியுடையவராக்கிற்று என்பாரை நோக்கிக் கூறத்தக்கது இதுவே. அவர்களுள் உறுதியோடு நின்றவர், மரத்தடியிலும் ஓலைக்கொட்டிலிலும் தம்மைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒருவராலும், தம் பங்கைக் குறைத்து ஊட்டிய ஒருவராலும் நின்றார்கள். அவ்வுறுதியின் புகழைத் துன்பத்திற்குக் கொடுப்போமாயின், கொடுத்தவரை மறப்போம்; வீழ்ந்தவரைப் பழிப்போம்; நாளை மற்றொரு துன்பத்தை நன்மையென்று வரவேற்போம். மூன்றும் தகா.

துன்பம் உலகத்தில் வந்தே தீரும். அதனை வரவழைக்கும் தொழில் ஆசிரியர்க்கு வேண்டுவதில்லை. வருமுன் அறிவித்தலும், வருங்கால் தாங்கத்தக்கதைச் சேர்த்துக்கொடுத்தலும், வந்தபின் தளிர்க்கும் காலம்வரை பொறுத்திருத்தலுமே அவர் தொழில். துன்பம் வன்மையைத் தருவதன்று. உள்ள வன்மையை அளப்பது என்பதே நமது துணிபு.